டைனோசருக்கு நடுராத்திரியில் பசிக்கிறது

திருப்பூர்ப் பக்கமிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். அப்பா, அம்மாவோடு இருக்கிறார். இன்னும் திருமணமாகவில்லை. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2020 ஊரடங்கு சமயத்தில் 'ஆர்க்' என்ற ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்திருக்கிறார். வெறுங்கையோடு ஒரு தீவில் கரையேறி, மரம் வெட்டி, கல் பொறுக்கி, வீடு கட்டி, டைனோசர்களைப் பிடித்துப் பழக்கி, அதையெல்லாம் மற்ற கூட்டங்கள் அடித்துக்கொண்டு போகாமல் காப்பாற்ற வேண்டும். இவருடைய ட்ரைப்பில், அதாவது கூட்டத்தில், ஐந்து பேர். இவரைத் தவிர சேலத்தில் ஒருவர், சென்னையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கத்தாரில் வேலை பார்க்கும் ஒருவர். தினமும் இரவு 9.30-க்கு உட்கார்ந்தால் 1.30 ஆகிவிடும். குட்டி டைனோசர் இருக்கும் நாட்களில் அலாரம் வைத்து விடியற்காலையிலும் எழுந்துகொள்கிறார்.

சேலத்து நண்பரை 'எஸ்' என்று குறிப்பிடுகிறார். நான்கு வருடப் பழக்கம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மற்ற நால்வரும் தூங்கப் போன பிறகு, இந்த எஸ், ஐவரும் சேர்ந்து கட்டிய பேஸில் (விளையாட்டுக்குள் இருக்கும் வீட்டில்) இருந்த ஜெனரேட்டரை அணைத்துக் காவல் துப்பாக்கிகளை முடக்கியிருக்கிறார். கேட்டைத் திறந்து எதிர் ட்ரைப்பை உள்ளே விட்டிருக்கிறார். நல்ல டைனோசர்களை கிரையோபாட் என்ற கையடக்கக் கூட்டில் அடைத்து எடுத்துக்கொண்டு அவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் காபி டம்ளரோடு லாகின் செய்தவருக்கு மிஞ்சியிருந்தது அஸ்திவாரம் மட்டும்.

அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். ஒரு சாம்பிள் அனுப்ப வேண்டிய தேதியைத் தவறவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பா, "பொம்மை போனதுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?" என்கிறாராம். அக்காவோ இந்த மாதிரி கேம்களை அரசாங்கமே தடை செய்துவிட்டது, மாட்டினால் கேஸ் ஆகும் என்று பயமுறுத்துகிறாராம். இவர் கேட்பது: நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா, கணக்கையே அழித்துவிடட்டுமா? போலீஸில் புகார் கொடுத்தால் போனது திரும்பக் கிடைக்குமா? எட்டு மாதம் முன்னால் எஸ்ஸுக்கு ஜிபேயில் கடனாகக் கொடுத்த 15,000 ரூபாயும் பாக்கி. அவருடைய போட்டோவையும் போன் நம்பரையும், விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்டில் போட்டு மானத்தை வாங்கட்டுமா? கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ஒரு இடம் கண்ணில் பட்டது. 2023 செப்டம்பர் கடைசியில் பழைய ஆர்க்கின் அதிகாரபூர்வ சர்வர்களை, அதாவது அந்த விளையாட்டு உலகம் ஓடும் கம்ப்யூட்டர்களை, அந்தக் கம்பெனியே மூடியது. மூன்று வருடம் சேர்த்ததெல்லாம் அப்போது உங்களுக்குப் போனது. அந்தக் கடைசி இரவைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அஞ்சு பேரும் பேஸ் மொட்டை மாடியில் நின்னு, எல்லா டைனோசரையும் அவிழ்த்துவிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அடுத்த மாசம் புது வெர்ஷன்ல ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சோம்."

அன்றைக்குப் போனதும் டைனோசர்தான், போன மாதம் போனதும் டைனோசர்தான். அன்றைக்குச் சிரிக்க முடிந்த ஆளுக்கு இன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றால், நீங்கள் அழுதுகொண்டிருப்பது பொம்மைக்காக இல்லை. அப்பாவுக்கு இது தெரியாது, பாவம். உங்களுக்கும் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீங்கள் சின்ன வயதிலிருந்து திக்கிப் பேசுகிறவர் என்று மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வாய்ஸ் சாட்டில் முதல் ஆறு மாதம் பேசவே இல்லை, டைப் மட்டும்தான். அப்புறம் பேச ஆரம்பித்தபோது, நீங்கள் திணறும் வார்த்தையை எடுத்துக்கொடுக்காமல் முடிக்கும்வரை காத்திருந்த ஒரே ஆள் எஸ். இன்றைக்குத் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு கான்ஃபரன்ஸ் காலில் நீங்களே பேசுகிறீர்கள். இந்த விளையாட்டு உங்களுக்குக் கொடுத்ததில் பெரியது இதுதான். இதைக் கொடுத்த ஆளே ராத்திரியில் கேட்டைத் திறந்துவிட்டார். வலிக்காமல் என்ன செய்யும்?

திரைக்குப் பின்னால் இருக்கும் நட்பு நிஜமா என்று அப்பா கேட்டால் மாட்ஸ் ஸ்டீன் கதையைச் சொல்லுங்கள். நார்வேக்காரர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடிக்கொண்டே இருந்தார். பிள்ளை யாருமில்லாமல் தனியாகக் கிடக்கிறானே என்று பெற்றோர் வருத்தப்பட்டார்கள். 2014-ல் 25 வயதில் அவர் இறந்ததை அவருடைய வலைப்பதிவில் அப்பா எழுதி வைத்தார். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் மட்டும் பழகியவர்கள் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். தங்கள் மகன் எத்தனை பேருடைய கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான் என்பது பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னாளில் இதை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள்.

சரி, இது ஒரு பக்கம். இதைச் சொல்லிவிட்டு உங்களை ராத்திரி 1.30 வரை விளையாடச் சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள்.

அடிமையா, இல்லையா?

நீங்கள் மணிக்கணக்கை வைத்துக் கேட்கிறீர்கள். நாளைக்கு நான்கு மணி நேரம், எனவே அடிமை என்று. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கே கிடையாது. பார்ப்பது மூன்று விஷயங்கள்: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போயிருக்கிறதா? மற்ற எல்லா வேலையும், பொழுதும் இதற்குப் பின்னால் தள்ளப்பட்டுவிட்டதா? கெடுதல் கண்ணுக்கு முன்னால் நடந்தும் தொடர்கிறதா? இவை வழக்கமாக 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையை நன்றாகப் பாதித்திருக்க வேண்டும்.

கடிதத்தை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட முடியாது. ஆனால் அக்கா குழந்தையின் காதுகுத்துக்குப் பழனி போன நான்கு நாளும் நீங்கள் விளையாடவில்லை. கைகால் உதறவும் இல்லை. கத்தார் நண்பரிடம் குட்டியை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இது கட்டுப்பாடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதே கடிதத்தில், தூக்கம் கெடுகிறது என்று தெரிந்தும் இரண்டு வருடமாக அலாரம் வைக்கிறேன் என்றும், எழுந்ததை அம்மாவிடம் மறைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க ஆரம்பித்த பழக்கத்தை எப்போதும் ஒரு கண் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் பார்வையில் உங்கள் சிக்கல் வேறு. பகலில் பனியன் கம்பெனியில் என்ன வேலை? நூல் வந்ததா, சாயம் போட்டாச்சா, பேக்கிங் எப்போது என்று ஆளாளுக்கு ஃபாலோ-அப். இரவில்? ட்ரைப் குடோனில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு வெடிமருந்து, யார் காவல், எந்தக் குட்டிக்கு எப்போது தீனி என்று எக்ஸெல் ஷீட் போட்டிருக்கிறீர்கள். அதே வேலை, சம்பளம் மட்டும் இல்லை. விளையாட்டு எப்போதோ இரண்டாவது ஷிஃப்ட் ஆகிவிட்டது, தம்பி.

இதில் உங்கள் தவறு பாதி, அந்த விளையாட்டின் அமைப்பு பாதி. என்னிடம் வரும் ஒரு பையன் இதைப் புரியவைக்க லேப்டாப்பையே எடுத்துவந்து காட்டினான். முட்டையிலிருந்து வந்த ரெக்ஸ் குட்டி. அதன் வயிற்றில் கொள்கிற இறைச்சி கொஞ்சம்தான், தீர்ந்தால் செத்துவிடும். அவன் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே என்னிடம் பேசினான். அடிப்படை வேகத்தில் முதல் ஒன்பது மணி நேரம் இப்படிக் கையால் ஊட்ட வேண்டும், முழுசாக வளர நான்கு நாள் ஆகும் என்றான். நடுவில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்ச வேண்டும், நடக்கக் கூட்டிப்போக வேண்டும். தவறினால் அதன் முழுப் பலமும் வராது. எனக்குப் பிரசவ வார்டு ஞாபகம்தான் வந்தது.

மனிதனுக்கு இயல்பாக இருக்கும் 'நம்மை நம்பி ஒரு ஜீவன் இருக்கிறதே' என்ற பதைப்பின் மேல்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொன்று. வார்கிராஃப்ட் மாதிரியான ரோல்-பிளேயிங் விளையாட்டில் நீங்கள் தூங்கும்போது உங்கள் வாளை யாரும் எடுக்க முடியாது. ஆர்க், 'ரஸ்ட்' மாதிரி சர்வைவல் விளையாட்டுகளில் நீங்கள் லாக் அவுட் செய்தாலும் உங்கள் உருவம் அங்கேயே படுத்துக் கிடக்கும். வீடும் இருக்கும், பூட்டும் இருக்கும், உடைக்க வருகிறவனும் வருவான். நீங்கள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் வருவான். சுவாரஸ்யமே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்ன மரக் கதவு உங்களுடையது என்று ஆகும்போது வரும் சந்தோஷத்தை வேறெந்த வகை விளையாட்டும் தராது என்று அந்தப் பையன் சொன்னான், நான் நம்புகிறேன். தூக்கத்தைக் கெடுப்பதும் அதே பயம்தான்.

இந்த விஷயத்தில் ரஸ்ட்காரர்கள் கொஞ்சம் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை கட்டாய வைப். எல்லா சர்வரிலும் கட்டியதெல்லாம் துடைக்கப்பட்டு, எல்லோரும் கையில் ஒரு கல்லோடு மறுபடி தொடங்குகிறார்கள். கொடுமை மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு வருடச் சொத்தைக் காவல் காக்கும் பாரம் யார் தலையிலும் ஏறாது.

போன டைனோசர், போன பணம்

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். டைனோசர் திரும்ப வராது. விளையாட்டில் நுழையும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டும் ஒப்பந்தத்தில், உள்ளே இருக்கும் எதுவும் நமக்குச் சொந்தமில்லை, பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும்தான் என்று இருக்கும். அதோடு, ஒருவரையொருவர் தாக்கலாம் என்ற சர்வரில் உள்ளே இருந்து கவிழ்ப்பதும் ஆட்டத்தின் ஒரு வழி. எஸ் எந்தப் பூட்டையும் ஹேக் செய்யவில்லை. அட்மின் உரிமையை நீங்களே கொடுத்திருந்தீர்கள். நம்பிக்கைத் துரோகம், சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு போலீஸ் ஸ்டேஷனில் எழுத ஒன்றும் இல்லை.

15,000 ரூபாய் வேறு கதை. அது நிஜப் பணம், நிஜக் கடன். ஜிபே பதிவும், "அடுத்த மாசம் தந்துடறேன்" என்ற அவருடைய வாட்ஸப் செய்தியும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு, எனவே அவசரமில்லை. முதலில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், தேதி குறிப்பிட்டுப் பணத்தை மட்டும் கேட்டு ஒரு செய்தி. பதில் இல்லையென்றால் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், நோட்டீஸ் அனுப்பலாமா என்று அவர் சொல்வார். 1930 என்ற எண் ஆன்லைன் பண மோசடிக்கானது. திருப்பித் தராத கைமாற்றுக்கு அது பொருந்தாது.

போட்டோவும் நம்பரும் டிஸ்கார்டில்? வேண்டவே வேண்டாம். அடுத்தவரின் தனிப்பட்ட விவரத்தைப் போடுவது டிஸ்கார்டின் விதிகளுக்கே விரோதம். உங்கள் கணக்குதான் போகும். முகம் தெரியாத நூறு பேர் ராத்திரி பகல் அவருக்கு போன் செய்து திட்டுவார்கள், அவர் வீட்டுப் பெண்கள் எடுப்பார்கள். அப்புறம் அவதூறு என்று புகார் கொடுக்கும் வாய்ப்பு அவர் பக்கம் போய்விடும். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது பணம் கட்டி, ஜெயித்தால் பணம் வரும் என்று ஆடும் ஆட்டங்களை. தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்று வந்த விதியும் பணம் வைத்து ஆடுகிறவற்றுக்குத்தான். காசு கொடுத்து வாங்கி, பந்தயம் எதுவும் இல்லாமல் விளையாடும் ஆர்க்குக்கு இவை பொருந்தாது. உங்கள் மேல் கேஸ் எதுவும் வராது. ஆனால் ராத்திரி தூங்கச் சொல்வதில் அக்கா சொல்வது சரி!

அழிப்பதா, இருப்பதா

கணக்கை இன்றைக்கு அழிக்காதீர்கள். கோபத்தில் அழிப்பவர்கள் பத்து நாளில் புதுக் கணக்கோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் பழி வாங்கும் வெறியோடு. அதோடு அழித்தால் எஸ்ஸோடு சேர்த்து மற்ற மூன்று பேரையும் நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். அந்த மூன்று பேரும் ஏமாந்தவர்கள்தான். யாழ்ப்பாணத்து நண்பர் மறுநாளே போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்களே.

1978-ல் இங்கிலாந்தில் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பலர் சேர்ந்து விளையாடும் முதல் எழுத்து விளையாட்டுகளில் ஒன்றை இரண்டு மாணவர்கள் உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996-ல் விளையாடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். சேர்த்துச் சாதிக்க வருகிறவர், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர், மனிதர்களோடு பழக வருகிறவர், அடுத்தவரை அடிக்க வருகிறவர். உங்கள் நான்கு பக்கத்தில் யாரையாவது அடித்து ஜெயித்த கதை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மொட்டை மாடிச் சிரிப்பு, கத்தார் நண்பரின் பிரியாணிப் புலம்பல், யாழ்ப்பாணத் தமிழில் திட்டு வாங்கியது, இவைதான் பக்கம் பக்கமாக. பழக வந்தவர் நீங்கள். குடியிருந்ததோ அடிக்க வந்தவர்களுக்கான சர்வரில்.

எனவே விளையாட்டை விடுவதற்கு முன்னால் சர்வரை விட்டுப் பாருங்கள். நால்வரும் சேர்ந்து வாடகைக்கு ஒரு தனி சர்வர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவரையொருவர் தாக்க முடியாத முறையில் வைக்கலாம், குட்டி வளரும் வேகத்தையும் கூட்டிவிடலாம். நான்கு நாள் வேலை ஒரு மாலையில் முடியும், அலாரமும் வேண்டியிருக்காது. 'வால்ஹெய்ம்' போலப் பத்துப் பேர் வரை சேர்ந்து ஆடும் விளையாட்டுகளும் இருக்கின்றன. உங்களில் ஒருவர் தன் கம்ப்யூட்டரிலேயே உலகத்தைத் திறந்து வைத்து நடத்தினால், அவர் மூடியதும் அந்த உலகமும் நின்றுவிடும். யாரும் இல்லாதபோது அங்கே எதுவும் நடக்காது. ருசி கொஞ்சம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிளகாய் இல்லாத குழம்பு மாதிரி என்று உங்களில் ஒருவர் முனகுவார். முனகட்டும்.

அதற்கு முன் ஒரு மூன்று வாரம் விளையாட்டே வேண்டாம். 11 மணிக்குப் படுக்கை, அலாரம் காலை 6-க்கு மட்டும். நண்பர்களோடு பேச்சு மட்டும் தொடரட்டும், வாரம் இரண்டு நாள் வெறும் வாய்ஸ் கால். மூன்று வாரத்துக்குப் பிறகும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், அல்லது விளையாடாமல் இருக்கவே முடியவில்லை என்றால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரிடமோ நேரில் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டிய நிலையில் நீங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். "பொம்மை இல்லப்பா, நாலு வருஷம் பழகின ஃப்ரெண்டு ஏமாத்திட்டான்" என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வியாபாரம் பார்த்தவர் என்கிறீர்கள். கூட்டாளி கவிழ்த்த கதை அவரிடமும் ஒன்றாவது இருக்கும்.

கடைசி வரிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எஸ்ஸிடமிருந்து "சாப்டியாடா?" என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருக்கிறது. ஒரு வாரமாக அதைத் திறந்து திறந்து பார்க்கிறேன், பதில் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம், ராத்திரி 11 மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், "ஏன்டா அப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேளுங்கள். பணத்தை அதில் இழுக்காதீர்கள், அது தனிச் செய்தியாகப் போகட்டும். முடிந்தால் டைப் செய்யாமல் போன் போட்டுக் கேளுங்கள். திக்கினால் திக்கட்டும். நீங்கள் முடிக்கும்வரை இந்தத் தடவையும் காத்திருக்கிறாரா என்று பாருங்கள்.